நிலத்து நஞ்சும் கடல் நஞ்சும்

பாம்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது ஒரே கேள்விதான்: எதற்கு விஷம் அதிகம்? நிலத்துப் பாம்பையும் கடல்பாம்பையும் எதிரெதிரே வைத்துக் கேட்டால், கடல்பாம்புக்குத்தான் என்று பலரும் சொல்வார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒற்றை விடையை வைத்துக்கொண்டு ஒரு மீனவரோ விவசாயியோ எதுவும் செய்ய முடியாது. நஞ்சு எவ்வளவு வீரியமானது, ஒரு கடியில் எவ்வளவு நஞ்சு இறங்குகிறது, அந்தப் பாம்பு மனிதருக்கு எங்கே எப்போது எதிர்ப்படுகிறது, கடிபட்டவர் எவ்வளவு நேரத்தில் எப்படிப்பட்ட மருத்துவத்தை அடைகிறார் என்ற நான்கும் தனித்தனிச் சங்கதிகள். முதலாவதில் நம் ஊர் நாகத்தைக் கடல்பாம்பு முந்துகிறது. அடுத்த இரண்டில் நிலத்துப் பாம்புகள் வெகுதூரம் முந்திவிடுகின்றன. நான்காவதில், கடலில் தொழில் செய்கிறவர் கவனிப்பாரின்றி விடப்பட்டிருக்கிறார் என்பதே என் கருத்து.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ஆளைக் கொல்லும் நிலத்துப் பாம்புகள் இரண்டு பெரிய குடும்பங்களில் அடங்குகின்றன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் விரியன் குடும்பம். வாய்க்குள் மடங்கிக் கிடந்து, கடிக்கும்போது நிமிரும் நீண்ட பற்கள் அவற்றுக்கு உண்டு. நல்லபாம்பு, ராஜநாகம், கட்டுவிரியன் ஆகியவை எலப்பிடே என்னும் மற்றொரு குடும்பம். இவற்றின் பற்கள் குட்டையானவை, முன்வாயில் நிலையாக நிற்பவை. கட்டுவிரியன் பெயரளவில்தான் விரியன். பிறப்பால் நாகத்தின் பங்காளி. ஆப்பிரிக்க மாம்பாவும் ஆஸ்திரேலியாவின் தைப்பானும் இதே குடும்பம். அறுபதுக்கு மேற்பட்ட கடல்பாம்பு இனங்களும் இந்தக் குடும்பத்துக்குள்தான் வருகின்றன. ஆகவே, நாகத்துக்குக் கண்ணாடி விரியனைவிடக் கடல்பாம்பே நெருங்கிய சொந்தம். நிலம், கடல் என்ற பிரிவு நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் பாம்பின் வம்சாவளியில் அது ஒரு கிளையின் பிற்காலக் கதை.

அந்தக் கிளை கடலுக்குள் இறங்கியது ஒரு தடவை அல்ல. லாட்டிகாடா என்ற பேரினத்துக் கடல் கட்டுவிரியன்கள் ஒரு வழியாக இறங்கின. அசல் கடல்பாம்புகளோ ஆஸ்திரேலிய நிலத்துப் பாம்புகளிலிருந்து கிளைத்து, ஒரு கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பரவின. பூமியின் வரலாற்றில் இது நேற்று நடந்தது போன்றதுதான். அந்தக் குறுகிய காலத்தில் அவற்றின் உடல் அடைந்த மாற்றம்தான் பாம்புகளைப் பற்றிப் படிக்கையில் என்னை மிகவும் வியக்க வைக்கும் பகுதி.

வால் பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்பாக மாறியது. நிலத்துப் பாம்பு தரையைப் பற்றி நகர உதவும் அகன்ற வயிற்றுச் செதில்கள் அசல் கடல்பாம்புகள் பெரும்பாலானவற்றில் சிறுத்துவிட்டன. அதனால் மணலில் எடுத்துப் போட்டால் அவற்றால் ஊர முடியாது. மூக்குத் துளைகள் மேல்நோக்கி ஏறி, நீர் புகாதபடி மூடும் தசைக்கதவு பெற்றன. நுரையீரல் கிட்டத்தட்ட உடலின் முழு நீளத்துக்கும் நீண்டது. சில இனங்கள் தோல் வழியாகவும் சுவாசிக்கின்றன. மஞ்சள்வயிற்றுக் கடல்பாம்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலாலேயே கடல்நீரிலிருந்து எடுத்துக்கொள்ள வல்லது. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி ஒன்று 245 மீட்டர் ஆழத்தில் கடல்பாம்பைப் படம் பிடித்திருக்கிறது. 2019-இல் அந்தப் பதிவு வெளியானபோது, காற்றுக்கு மேலே வந்தாக வேண்டிய ஓர் உயிர் இவ்வளவு ஆழம் போகிறதா என்று துறை வல்லுநர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

உப்புதான் இன்னும் பெரிய சோதனை. நாக்கின் அடியில் உள்ள சுரப்பி வழியாகக் கடல்பாம்பு மிகுதி உப்பை வெளியேற்றுகிறது. இந்தச் சுரப்பி இருப்பதால் அவை கடல்நீரையே குடித்து வாழ்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹார்வி லில்லிவைட் என்னும் அமெரிக்க உயிரியலாளரின் குழு கோஸ்டாரிகா கடலோரத்தில் செய்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை மாற்றின. மஞ்சள்வயிற்றுக் கடல்பாம்பு தாகத்தில் வாடினாலும் கடல்நீரைத் தொடுவதில்லை. மழை பெய்து கடலின் மேற்பரப்பில் நன்னீர் படியும்போது அதைக் குடிக்கிறது. மழையில்லாத மாதங்களில் உடல்நீர் குறைந்தபடியே காத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மத்திய அமெரிக்காவின் மேற்குக் கரை வரை பரவி, வாழ்நாள் முழுக்கக் கரையேறாமல் திறந்த கடலில் மிதக்கும் இந்தப் பாம்பு மழைநீரை நம்பி வாழ்கிறது. அட்லாண்டிக்கில் மட்டும் அது இல்லை. பனாமா நிலப்பாலம் ஒருபுறம் மறிக்க, தென்னாப்பிரிக்காவை ஒட்டிய குளிர்ந்த நீரோட்டம் மறுபுறம் மறிக்கிறது.

லாட்டிகாடா வகையோ பாதி வழியில் நிற்கிறது. அந்தமான் நிகோபார் தீவுகளின் பாறைக் கரைகளில் கறுப்பும் நீலச்சாம்பலுமாகப் பட்டை போட்ட இந்தப் பாம்புகளைக் காணலாம். வால் துடுப்பாகிவிட்டது; வயிற்றுச் செதில்கள் மட்டும் நிலத்துப் பாம்பினுடையவை. விலாங்குகளை வேட்டையாடக் கடலுக்குப் போய், உணவு செரிக்கவும் முட்டையிடவும் கரைக்கு வருகிறது. அசல் கடல்பாம்புகள் முட்டையிடுவதில்லை. நீரிலேயே குட்டி போடுகின்றன.

அடையாளக் குழப்பமும் நிறைய. கண்மாயிலும் வயலிலும் நெளியும் நஞ்சற்ற நீர்க்கோலியைக் கடல்பாம்பின் இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. முகத்துவாரத்துச் சேற்றில் வாழும் உப்பங்கழிப் பாம்புகளும் பாம்பு போன்ற விலாங்குகளும் கடல்பாம்பென்று அடிபட்டுச் சாகின்றன. தட்டையான துடுப்பு வாலும் உடலில் செதிலும் சேர்ந்திருந்தால் கடல்பாம்பு. செவுளும் துடுப்புச் சவ்வும் இருந்தால் மீன். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி நஞ்சுக்கு வருவோம். 1960களில் தைவானில் சென்-யுவான் லீயும் அவருடன் பணியாற்றிய சாங்கும் ஒரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு சொல்லும் சேதியைத் தசை கேட்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வாசலையே அடைத்துவிடும் புரதம் அது. அதே பத்தாண்டில் ஜப்பானில் நோபுவோ தமியா ஒரு கடல் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து எராபுடாக்சினைப் பிரித்தார். ஒன்று நிலம், மற்றது கடல். இரண்டு புரதங்களின் கட்டமைப்பும் மூன்று விரல் நீட்டிய ஒரே அச்சு, வேலையும் ஒன்றே. நாகத்தின் நஞ்சிலும் இதே அச்சுப் புரதங்கள் உள்ளன. கடலுக்குப் போன பாம்பு புதிதாக நஞ்சு தேடவில்லை. வீட்டுச் சொத்தை எடுத்துப் போய்க் கூர் தீட்டிக்கொண்டது.

கூர் தீட்ட வேண்டிய காரணமும் இருந்தது. எலியைக் கடித்து விட்டுவிட்டாலும் கண்ணாடி விரியன் அதன் வாசனையைத் தரையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். கடலில் தப்பிய மீனைத் தடம் பிடிப்பது கடினம். கடித்த மாத்திரத்தில் அது அசைவற்றுப் போக வேண்டும். ஆகவே கடல்பாம்பு நஞ்சில் பொருள்கள் குறைவு, வேகம் அதிகம்: வாசலடைக்கும் நரம்பு நஞ்சும், தசையைச் சிதைக்கும் பாஸ்போலிப்பேஸ் நொதிகளுமே பெரும்பகுதி. நிலத்து நஞ்சுகள் பலவிதமான சரக்குகள் அடங்கியவை. நாகத்தின் நஞ்சில் நரம்பு நஞ்சோடு கடிவாயை அழுகச் செய்யும் புரதங்களும் உண்டு. கட்டுவிரியன் நரம்பின் நுனியையே சேதப்படுத்துகிறது. விரியன்களோ இரத்தம் உறையும் பொறிமுறைக்குள் புகுந்து, உறைபொருள்கள் எல்லாம் வீணே செலவாகி இரத்தம் உறையாமலே போகும்படி செய்கின்றன.

இரைக்கும் நஞ்சுக்கும் உள்ள பிணைப்புக்கு நான் அறிந்தவற்றில் மிக அழகான சான்று ஆஸ்திரேலிய, தென்கிழக்காசியக் கடல்களில் இருக்கிறது. அங்கு அய்பிசுரஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கடல்பாம்பு மீன்முட்டைகளை மட்டுமே தின்கிறது. முட்டை தப்பி ஓடாது. அந்தப் பாம்பின் நச்சுப்பற்கள் சிறுத்துவிட்டன, சுரப்பி சுருங்கிவிட்டது, மூவிரல் நச்சு மரபணுவில் நேர்ந்த ஒரு பிறழ்வால் நஞ்சின் வலுவும் பல மடங்கு குறைந்துவிட்டது. தேவை போனதும் சொத்தும் கரைந்தது.

வீரியத்தை எப்படி அளக்கிறார்கள்? எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு என்பது வழக்கமான அலகு. எண் சிறிதாக இருந்தால் நஞ்சு கொடிது. ஆஸ்திரேலியாவில் ப்ராட், சதர்லண்ட், கூல்ட்டர் மூவரும் 1979-இல் வெளியிட்ட ஒப்பீடு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எலியின் உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தைப்பான் 0.025, வலக்கடியன் என்று நம் கரையில் பெயர்பெற்ற அலகுமூக்குக் கடல்பாம்பு 0.164, இந்திய நாகம் 0.565. வலக்கடியன் நாகத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வீரியமானது; ஆனால் பட்டியலின் உச்சியில் இருப்பது பாலைநிலத்துப் பாம்பு. பிற சோதனைகளில் வலக்கடியனுக்கு இதைவிடச் சிறிய எண்ணும் கிடைத்திருக்கிறது. எந்த வழியில் ஊசி போடுகிறார்கள், நஞ்சு எந்த ஊர்ப் பாம்பினுடையது என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். எலிக்குக் கொடியது மனிதருக்கும் அதே விகிதத்தில் கொடியதாக இருக்க வேண்டியதுமில்லை. உலகிலேயே வீரியமான நஞ்சுடைய அந்தத் தைப்பான் ஆளரவமற்ற வறண்ட சமவெளியில் வாழ்கிறது. அதன் கடியால் நேர்ந்த மரணம் என்று எதுவும் பதிவாகவில்லை. வீரியத்தை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அளவிலும் வித்தியாசம் பெரிது. வலக்கடியனிடமிருந்து ஒரு முறைக்குக் கிடைக்கும் உலர்நஞ்சு சராசரியாகப் பத்து மில்லிகிராமுக்கும் குறைவு. நாகத்திடம் நூறு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். கடல்பாம்பின் பற்களோ சில மில்லிமீட்டர் நீளம்தான். அது கடித்தாலும் நஞ்சை இறக்காமல் விடுவது மிக அதிகம். இதை முறையாக நிறுவியவர் அலிஸ்டர் ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1950களிலும் 60களிலும் மலேசியாவின் பினாங்குப் பொது மருத்துவமனையில், கடல்பாம்பு கடித்த மீனவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவர். கடிபட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான நச்சு அறிகுறி தோன்றவில்லை என்று கண்டார். தோன்றியவர்களுக்கோ உயிராபத்து மிகுந்திருந்தது. அதோடு, ஆய்வகத்தில் நரம்பு நஞ்சாகத் தெரிந்தது மனித உடலில் முதன்மையாகத் தசையை அழிக்கிறது என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார்.

இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாகமோ விரியனோ கடித்தால் கடிவாய் வலிக்கும், வீங்கும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் தரையில் தூங்குகிறவருக்கு நள்ளிரவில் நேர்வது. வலியே இல்லாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலியும் இமை தொங்குவதும்தான் முதல் சேதி. கடல்பாம்புக் கடியும் வலியில்லாதது, வீக்கமில்லாதது. வலையில் ஏதோ முள் குத்தியதாக நினைத்து வேலையைத் தொடரலாம். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தலைவலி, நாக்குத் தடிப்பு, தாகம், வாந்தி. பிறகு கழுத்திலும் தோளிலும் தொடையிலும் தசை வலிக்கும். அசைத்தால் உயிர் போவதுபோல் வலிக்கும். தாடை இறுகி வாய் திறக்க வராது. சில மணி நேரத்தில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். சிதைந்த தசையிலிருந்து வழிந்த மயோகுளோபின் தந்த நிறம் அது. அதே தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும். மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். மூச்சுத் தசைகள் செயலிழப்பதும் உண்டு.

நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குச் செய்யும் எளிய சோதனை, கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பது. விரியன் கடியைக் கண்டுபிடிக்க அது அருமையான சோதனை. கடல்பாம்புக் கடியில் இரத்தம் ஒழுங்காக உறையும். கடிவாயும் சுத்தமாக இருக்கும். சிறுநீரைப் பார்க்காமல், தசைவலியை விசாரிக்காமல் விட்டால் நஞ்சில்லாத கடி என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் அபாயம் உண்டு.

யார் கடிபடுகிறார்கள் என்று பார்த்தால் தராசு முழுக்க நிலத்தின் பக்கம் சாய்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். ஏறக்குறைய பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைமாதங்களில் நேர்ந்தவை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கூட்டத்தில் கடல்பாம்பின் பங்கு மிகச் சிறியது. கடலில் குளிப்பவரை அது தேடி வந்து கடிப்பதில்லை. முக்குளிப்பவரை நோக்கி ஆலிவ் நிறக் கடல்பாம்பு விரைந்து வருவது பெரும்பாலும் இணை தேடும் ஆண் பாம்பின் தவறான கணிப்பே என்று 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

கடிபடுகிறவர் மீனவர். வலையின் மடியை மேலே இழுத்துக் கொட்டி, கெளுத்தியும் பேத்தையும் சங்காயம் எனப்படும் கழிமீனும் பிரிக்கும்போது கை நேராகப் பாம்பின்மேல் போகிறது. கெளுத்தியும் பேத்தையும் வலக்கடியனின் பிரியமான இரை. மீன் இருக்கும் கலங்கல் நீரில் அதுவும் இருக்கும். முகத்துவாரத்தில் முழங்கால் நீரில் வலை வளைக்கிறவர் மிதித்துவிடுகிறார். 2018-இல் ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் இறால் படகில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் வலை இழுக்கும்போது கடிபட்டு இறந்தார். கடல்பாம்புக்குத் தனி மருந்து தயாரிக்கும் நாட்டில் நடந்தது அது. மருந்து இருந்தது, கரை தூரமாக இருந்தது.

நம் கடலில் தூரமும் உண்டு, மருந்தும் இல்லை. இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி எடுக்கப்படுவது. அந்த நஞ்சின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நெடுங்காலமாகப் போகிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்கள், பாம்பைப் பிடித்து நஞ்செடுத்துச் சில வாரத்தில் மீண்டும் காட்டில் விடும் தொழிலாக அதை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நாட்டின் எத்தனையோ உயிர்கள் அவர்கள் கையால் பிழைத்தவை. ஆனால் அந்த நான்கு பாம்புகளில் கடல்பாம்பு இல்லை. நான்குக்கு அப்பாற்பட்ட நிலத்துப் பாம்புகளுக்கே இந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு காட்டியிருக்கிறது. இந்நிலையில் கடல்பாம்புக் கடிக்கு அதை ஏற்றுவது நம்பிக்கைக்காகச் செய்யும் காரியமாகத்தான் இருக்கும். அதன் ஒவ்வாமை அபாயம் மட்டும் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் வலக்கடியன் நஞ்சைக் கொண்டு தயாரிக்கும் மருந்து பல்வேறு கடல்பாம்புகளின் கடிக்கும் பயன்படுகிறது. நஞ்சின் சரக்கு எளிதாக இருப்பதால் கிடைக்கும் நன்மை அது. அது கிடைக்காத இடத்தில் டைகர் பாம்பு என்ற நிலத்துப் பாம்பின் மருந்தையும் அங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். முன்னே சொன்ன வம்சாவளி மருத்துவமனைக் கட்டிலில் கைகொடுத்தது. இந்தியாவில் ஒரு கடல்பாம்பு மருந்து தயாரிக்க அறிவியல் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. கடிபடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஏழைகள், கணக்கில் வராதவர்கள் என்பதே தடை. மருந்து வரும்வரை செய்யக் கூடியவையும் நிறைய: கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டி வைப்பது, கீறாமல் உறிஞ்சாமல் இறுக்கிக் கட்டாமல் கரைக்கு விரைவது, கரையில் உடனே நரம்பு வழி நீர் ஏற்றுவது, பொட்டாசியத்தைக் கண்காணிப்பது, வேண்டுமானால் டயாலிசிஸ், வென்டிலேட்டர். ஊரக நாகக்கடிக்குக் கேட்கும் அதே வசதிகள்தான் இவை. கேட்க வேண்டிய இடம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அரசு மருத்துவமனை.

பாம்பின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. வயலில் எலி தின்னும் பாம்பை அடித்துக் கொல்கிறோம். கடலில் கொல்லும் எண்ணமே இல்லாமல் கொல்கிறோம்: இழுவை மடியில் சிக்கிய கடல்பாம்பு காற்றுக்கு மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. தாய்லாந்து வளைகுடாவில் வியட்நாமியக் கணவாய்ப் படகுகள் ஆண்டுக்கு 80 டன்னுக்கு மேல் கடல்பாம்புகளை இறைச்சிக்கும் மருந்துக்குமாகப் பிடித்து இறக்குவதாக 2014-இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. ஆஸ்திரேலியாவின் ஆஷ்மோர் திட்டில் ஒரு காலத்தில் ஒன்பது இனங்கள் செழித்திருந்தன. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் காணாமல் போயின. காரணம் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. கடல்பாம்பு மெதுவாகப் பெருகும், சில குட்டிகளே போடும் உயிர். மடியில் வந்த பாம்பை நீண்ட கொக்கியால் எடுத்துக் கடலில் விடுவது ஆளையும் பாம்பையும் ஒருசேரக் காக்கும் பழக்கம். அதைச் செய்யும் படகுகள் இருக்கின்றன. எல்லாப் படகிலும் அந்தக் கொக்கி இருக்க வேண்டும்.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியச் செயல்திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குக் கரை உள்ள மாநிலத்துக்கு இது நல்ல வாய்ப்பு. தெரிவிக்கும் படிவத்தில் கடி எங்கே நேர்ந்தது என்ற இடத்தில் வயல், வீடு என்பதோடு படகு, வலை, முகத்துவாரம் என்பனவும் தனியாக இருக்க வேண்டும். சிறுநீரின் நிறத்துக்கு ஒரு வரி இருக்க வேண்டும். ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஐந்து ஆண்டு அப்படி எழுதி வைத்தால், கடல்பாம்பு மருந்து நமக்கு வேண்டுமா, எத்தனை குப்பி வேண்டும், எந்தத் துறைமுகத்தில் வைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.